கட்டடம் 7

சென்ற வருடக் கடைசியில் என் நிறுவனத்துக்கு ஒரு மண் வேலை வந்தது. செபராங் பிறையின் தென்பகுதியில் செம்பனை மரங்களை அகற்றி, நிலத்தை மட்டப்படுத்தி, வீடமைப்புக்குத் தயார் செய்து கொடுக்க வேண்டும். நில அளவை வரைபடத்தில் ஏழு பழைய கட்டடங்களுக்கு எண் போட்டிருந்தார்கள். ஆறு வெறும் சிமெண்டுத் தரைகள். லயன் வீடுகள் இருந்த இடம். ஏழாவது மட்டும் நாலு சுவரோடு நின்றது. அதன் பக்கத்தில் 'கட்டடம் 7, இடிக்கப்பட வேண்டியது' என்று எழுதியிருந்தது. என்ன கட்டடம் என்று இல்லை.

"தம்பி, அது ஸ்கூலு. அங்க நான் மெஷின் கொண்டு போக மாட்டேன்" என்றார் மண்வாரி ஓட்டும் அண்ணன்.

சுங்கை பாக்காப்புக்காரர். ஐம்பது வயதுக்கு மேல். செம்பனைக் காட்டுக்குள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தனியாக மோட்டாரில் போகக்கூடிய ஆள். அவர் சொன்ன காரணம், ராத்திரியில் அங்கே மணி அடிக்கிறது. கூட இருந்த வங்காளதேசத் தொழிலாளிகள் இருவர், பிள்ளைகள் கூட்டமாக எதையோ ஒப்பிக்கும் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். குத்தகையாளர் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு பூசை போட்டுவிடலாம் என்றார். மலேசியாவில் கட்டுமான வேலையில் இதெல்லாம் சகஜம். கணக்கில் 'இதர செலவுகள்' என்று போய்விடும்.

எனக்கு அந்தக் கட்டடம் புதிதில்லை. 2017இல், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் முதலாண்டு மாணவனாக இருந்தபோதே அதைப் பார்த்திருக்கிறேன். தீவில் இருக்கும் தலைமை வளாகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பொறியியல் வளாகம் நிபோங் திபால் பக்கம், டிரான்ஸ்கிரியானில், செம்பனைக்கு நடுவே இருக்கிறது. 2001இல் பேராக்கின் துரோனோவிலிருந்து அங்கே மாறி வந்தது. பொழுதுபோக்கு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் ஒவ்வொரு வருடமும் சீனியர்கள் புதுப் பையன்களை ராத்திரியில் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு பேய் பார்க்கக் கூட்டிப்போவார்கள். போகும் இடம் கலிடோனியா தோட்டத்து 99 கதவு மாளிகை.

பினாங்குக்காரர்களுக்கு அந்த மாளிகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: ராம்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த பெரிய வீடு. முதலில் கரும்பு, பிறகு ரப்பர் என்று இந்த வட்டாரத்துத் தோட்டங்கள் பலவும் அவர்கள் கையில் இருந்தன. 1948 ஜூனில் ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் அந்த வீட்டின் மாடிப்படியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம்தான் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. வீடு பிறகு காலியானது. கூரை சரிந்து, செடி முளைத்து, பேய் வீடு ஆனது. பத்திரிகைகளில் வந்தது, தொலைக்காட்சியில் வந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் கேமராவோடு வருகிறார்கள்.

அன்று ராத்திரி அங்கே போகும் வழியில் ஒரு செம்மண் திருப்பத்தில் சீனியர் மோட்டாரை மெதுவாக்கி, விளக்கைத் திருப்பிக் காட்டினார். மரங்களுக்கு இடையே ஒரு நீளமான கட்டடம். "இதுவும் பேய்தான். இங்கிலிஷ் பேய் இல்ல, தமிழ்ப் பேய். வெள்ளைப் புடவை டீச்சர் ஒருத்தங்க தூக்குப் போட்டுக்கிட்டாங்களாம்." சிரித்துவிட்டு மோட்டாரை முடுக்கினார். தமிழ்ப் பேய்க்கு ஒரு நிமிடம். துரை பேய்க்கு அரை ராத்திரி.

பள்ளியின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதப் போவதில்லை. அது இன்னொரு பள்ளியோடு இணைக்கப்பட்டது. அந்தப் பள்ளியில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். பேய் தேடி வருகிறவர்கள் அவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டாம்.

*

வேலை தொடங்கிய வாரம், பாட்டியைப் பார்க்க பிறைக்குப் போயிருந்தேன். நான் தங்கியிருப்பது ஜார்ஜ் டவுனில், ஜெலுத்தோங் பக்கம் ஒரு வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலம் கடந்து மாமா வீட்டுக்குப் போவேன். சும்மா பேச்சுவாக்கில் வேலை எங்கே என்று சொன்னேன். பாட்டி சோற்றுத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டார்.

"பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்னு நிக்குமே, இருக்கா?"

"இருக்கு பாட்டி. ஒரு பழைய ஸ்கூல் பக்கத்துல."

"அது நம்ம தோட்டம்டா."

எங்கள் வீட்டில் அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. 'பழைய தோட்டம்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது எந்தப் பக்கம் என்று நான் கேட்டதும் இல்லை. நாலு வருடம் அதற்குப் பக்கத்திலேயே படித்திருக்கிறேன். பாட்டி மூன்றாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பள்ளியில்தான் படித்தார். அம்மாவும் அங்கேதான் ஆறு வருடம்.

வெள்ளைப் புடவை டீச்சர் கதையை அம்மாவிடம் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஸ்கூல்ல பொம்பள டீச்சரே கிடையாதுடா! ரெண்டே வாத்தியாருங்க. ஒருத்தரு வெள்ளை வேட்டி கட்டிட்டு வருவாரு. வேணும்னா அவரு பேயா வந்திருப்பாரு."

*

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மலேசியத் தமிழ்ப் பள்ளிகளின் வரலாறு பினாங்கில்தான் தொடங்குகிறது என்பது எல்லா மேடையிலும் சொல்லப்படும் விஷயம். 1816 அக்டோபர் 21இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பும் இருந்தது. அதைக் கணக்கில் எடுத்துத்தான் 2016இல் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். நானும் பதாகை பிடித்தேன். ஆனால் அது நகரத்துத் தமிழ் வகுப்பு. தோட்டப் பள்ளியின் கதை வேறு தண்டவாளத்தில் போகிறது.

செபராங் பிறை என்று இன்று சொல்லும் கரையோரப் பட்டையை பிரிட்டிஷார் 1800இல் கெடா சுல்தானிடமிருந்து பெற்று, வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் வைத்தார்கள். சீனர்கள் ஏற்கெனவே அங்கே கரும்பு போட்டிருந்தார்கள். 1840களில் ஐரோப்பிய முதலாளிகள் பெரிய அளவில் இறங்கினார்கள். வேலைக்கு ஆள் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக்கூலியாக வந்தது. ரப்பர்தான் தமிழர்களைக் கொண்டுவந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பினாங்கில் அதற்கு அறுபது வருடம் முன்பே கரும்பு கொண்டுவந்துவிட்டது. 1900க்குப் பிறகு கரும்பு ஓய்ந்து ரப்பர் வந்தது. 1910இல் ஒப்பந்தக்கூலி முறை முடிவுக்கு வர, கங்காணி முறை முழுக்க அந்த இடத்தைப் பிடித்தது. கங்காணி குடும்பம் குடும்பமாக ஆள் கொண்டுவந்தார். குடும்பம் வந்தால் பிள்ளைகளும் வரும்.

பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் தோட்டப் பள்ளி வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கல்வி மேல் முதலாளிகளுக்குத் திடீர்க் காதல் வந்துவிடவில்லை. மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று உத்தரவிட வழிசெய்தது. 1923க்குப் பிறகு இந்தக் கடமை இன்னும் இறுகியது. அதற்கு ஒரு வெளிக் காரணமும் உண்டு. இந்தியாவின் 1922 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, ஆள் வேண்டுமென்றால் ஆட்களின் நிலைமை தெரிய வேண்டும் என்று இந்தியத் தரப்பு கேட்கத் தொடங்கியது. இந்திய அரசின் முகவர் ஒருவர் கோலாலம்பூரில் உட்கார்ந்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். பள்ளி இல்லாத தோட்டம் என்று அதில் பெயர் வருவது ஆள் பிடிக்கும் வேலைக்கு நல்லதில்லை.

சட்டம் பள்ளி வை என்றது. எப்படிப்பட்ட பள்ளி என்று கேட்கவில்லை. அதனால் சில இடங்களில் ஆயாக் கொட்டகையின் மறுபாதி பள்ளி ஆனது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கங்காணி, ஒரு கிராணி, கோயில் பூசாரி என்று கிடைத்தவர் வாத்தியார் ஆனார். வருகையையும் தேர்வையும் பார்த்து அரசு மானியம் வந்தது. மானியத்துக்காகவே வருகைப் பதிவேடு ஒழுங்காக எழுதப்பட்டது. அந்தப் பதிவேட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்குத் திரும்பி வருவேன்.

பாட்டி படித்த காலத்துப் பள்ளியை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். "அத்தாப்புக் கூரை. தகரமெல்லாம் பின்னாடி போட்டது. ஒரே ரூம்பு. ஒன்னாம் வகுப்பு இந்த மூலை, மூணாம் வகுப்பு அந்த மூலை. வாத்தியாருதான் பின்னாடி முனி கோயிலுக்கும் பூசாரி. வெள்ளிக்கிழமை சீக்கிரம் வுட்டுருவாரு. மரத்துல ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். பெரட்டுக்கும் அதான் மணி, பள்ளிக்கூடத்துக்கும் அதான் மணி. காலைல ஆளுங்களுக்கு அடிப்பாங்க, அப்புறம் எங்களுக்கு அடிப்பாங்க."

விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்க ஒரு மணி. சில மணி நேரம் கழித்துப் பிள்ளைகளுக்கு ஒரு மணி. பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே இரும்பு. பத்து வயதில் பாட்டி முதல் மணிக்குப் போக ஆரம்பித்தார். அவர் அம்மாவுக்குக் கூடமாட, ஒட்டுப்பால் பொறுக்க.

*

பேய்க் கதைக்கு வருகிறேன். மண்வாரி அண்ணனிடம் விசாரித்ததில் அவர் பக்கத்துக் கதை வேறாக இருந்தது. டீச்சர் கதையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. "ஜப்பான்காரன் காலத்துல அந்த ஸ்கூல்ல வெச்சுத்தான் தலைய வெட்டுனாங்க" என்றார்.

மலேசியாவில் பள்ளி போன எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். எந்த இனத்துப் பள்ளியாக இருந்தாலும் சரி, திடலில் ஜப்பான்காரன் தலை வெட்டியிருப்பான், மூன்றாவது கழிவறையில் யாரோ அழுதுகொண்டிருப்பார்கள். இவ்வளவு பள்ளிகளிலும் வெட்டியிருந்தால் ஜப்பானியப் படைக்குப் போர் செய்யவே நேரம் இருந்திருக்காது. அதே சமயம், எல்லாம் புளுகு என்று தள்ளிவிடவும் முடியாது. ஜப்பானியர்கள் பல பள்ளிகளை எடுத்துக்கொண்டது உண்மை. ஜார்ஜ் டவுனில் லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் ஒரு எடுத்துக்காட்டு. 1943 ஏப்ரலில் மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலான கிரெனடியரின் ஆட்கள் 70க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக் கொண்டுவந்து அந்தப் பள்ளி வகுப்பறைகளில்தான் அடைத்தார்கள், அடித்தார்கள். கைதிகள் சுவரில் தங்கள் பெயர்களைக் கீறி வைத்தார்கள். அந்தக் கீறல்களைப் பள்ளி பாதுகாத்து வைத்தது. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள பேய் தேவைப்படவில்லை, சுவரே சொல்லிவிட்டது.

எங்கள் தோட்டத்தில் தலை வெட்டப்பட்டதா? பாட்டி இல்லை என்கிறார். அவர் 1943இல் பிறந்தவர். நேரில் பார்த்த சாட்சி இல்லை, தன் அம்மா சொன்னதைச் சொல்கிறார். ஜப்பான் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தது, மரவள்ளிக்கிழங்கு போட்டுவைக்கும் கொட்டகையானது. ஒரு நாள் தண்டவாளத்தை அடித்தார்கள். பெரட்டு நேரம் இல்லை. ஏதோ அரிசி தரப் போகிறார்கள் என்று ஆட்கள் பள்ளித் திடலுக்குப் போனார்கள். லோரி நின்றது. வலுவான ஆண்களை ஏற்றிக்கொண்டு போனது. பாட்டியின் அப்பாவும் அதில் ஏறினார். பாட்டி அப்போது வயிற்றில்.

சயாம் மரண ரயில். 1942இலிருந்து 1943 வரை, பான் போங்கிலிருந்து தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். பொறியியல் மாணவனாக இருந்தபோது அதை ஒரு கட்டுமானச் சாதனைபோல் விளக்கும் காணொளியைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய பாறை இத்தனை, கட்டிய பாலம் இத்தனை என்று. போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். ஆசியத் தொழிலாளிகள் அதைவிடப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. எல்லாம் நேச நாட்டுப் படைவீரர்களுடையவை. தமிழர்களுக்கு அப்படி வரிசை எதுவும் இல்லை. 1931 கணக்கெடுப்பில் மலாயாவில் இருந்த இந்தியர்களைவிட 1947 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் குறைவு. நடுவில் பதினாறு வருடம் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஆக, பள்ளித் திடலில் யாரும் தலை வெட்டவில்லை. ஆனால் அங்கே நேரம் தப்பி ஒரு மணி அடித்தது. போனவர்கள் திரும்பி வரவில்லை. அண்ணன் சொன்ன பேய்க் கதையில் ராத்திரியில் மணி அடிக்கிறது. இதைப் பாட்டியிடம் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை.

மணிச் சத்தத்துக்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. தண்டவாளத் துண்டு இன்னும் அந்த மரத்தில் தொங்குகிறது. கூரைத் தகரம் ஒன்று ஆணி கழன்று, மரக்கிளை மேல் சாய்ந்து கிடக்கிறது. காற்று எழுந்தால் தகரம் இரும்பில் போய் இடிக்கும். மழைக்கு முன்பு ஒரு சாயங்காலம் என் காதாலேயே கேட்டேன். பிள்ளைகள் ஒப்பிக்கும் சத்தத்துக்கு என்ன சொல்வது? ஈரக் காட்டில் தவளை கத்துவது அப்படித்தான் இருக்கும் என்கிறார் அம்மா. இருக்கலாம்.

*

போருக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கு நல்ல காலம் கொஞ்சம் வந்தது. செங்கல் சுவர் எழுந்தது, தகரக் கூரை வந்தது. 1956இன் ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப் பள்ளிகளை நாட்டின் கல்வி அமைப்புக்குள் வைத்துக்கொண்டது. 1957இல் சுதந்திரம் கிடைத்தபோது நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள். இன்று சுமார் 530. பினாங்கு மாநிலத்தில் 28. நடுவில் போன முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒன்றுதான் கட்டடம் 7.

எப்படிப் போயின? மொழிப்பற்று குறைந்துவிட்டது, பெற்றோர் அனுப்பவில்லை என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். எனக்கு அது போதவில்லை. நிலத்தைப் பார்க்க வேண்டும். தோட்டப் பள்ளி நின்ற மண் தோட்ட நிறுவனத்தின் மண். வாத்தியாருக்குச் சம்பளம் அரசு கொடுக்கும், புத்தகம் வரும், ஆனால் நிலமும் கட்டடமும் தனியாருடையது என்பதால் அது பகுதி உதவி பெறும் பள்ளிதான். சுவரில் விரிசல் விழுந்தால் யார் பூச வேண்டும் என்று இரண்டு பக்கமும் கடிதம் எழுதிக்கொண்டே காலம் போகும். நிலம் கைமாறினால் பள்ளியும் சேர்ந்து கைமாறும். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது இந்தச் சிக்கல் முழுதாகத் தெரிந்தது. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியுமா?

1969க்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டு வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு அது இல்லாமல் வேலை இல்லை. பலர் பிறந்த மண்ணை விட்டு, பார்த்தே இராத தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். பாட்டியோடு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த தோழி ஒருவரும் அப்படிப் போனார். ஒரே ஒரு கடிதம் வந்ததாம்.

அப்புறம் செம்பனை. பால்மரத்துக்கு ஒவ்வொரு நாளும் மரத்துக்கு மரம் ஒரு கை வேண்டும். அதனால் பெண்களுக்கும் வேலை இருந்தது, லயம் நிறைய குடும்பங்கள் இருந்தன. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். எங்கள் தோட்டத்தில் எழுபதுகளின் கடைசியில் பால்மரங்களைச் சாய்த்தார்கள். அம்மா சேர்ந்தபோது அறுபது பிள்ளைகள் இருந்த பள்ளியில் அவர் ஆறாம் வகுப்பு முடிக்கும்போது இருபத்து நாலு பேர். அவர் இடைநிலைப் பள்ளியில் இருந்தபோது அதுவும் ஒன்பதானது. பிறகு ஒரு ஜனவரியில் பள்ளி திறக்கவில்லை. மேசை நாற்காலிகளை ஒரு லோரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு வருடத்தில் லயமும் காலி. எங்கள் குடும்பம் பிறைக்கு வந்தது.

தனுஷ்கோடியைப் பேய் நகரம் என்கிறார்கள். அங்கே 1964 டிசம்பரில் புயல் அடித்தது. பள்ளி, ரயில் நிலையம், தேவாலயம் எல்லாம் ஒரே ராத்திரியில் போனது. ஊர் ஏன் காலியானது என்று அங்கே போகும் குழந்தைக்குக்கூடச் சொல்லிவிடலாம். எங்கள் தோட்டத்தில் புயல் இல்லை. ஒரு நோட்டீசு, ஒரு லோரி, இன்னொரு நோட்டீசு. அதை யாரும் கதையாகச் சொல்ல முடியாது. முப்பது வருடம் கழித்து அந்த வழியாகப் போகிறவன் ஒரு வெற்றுப் பள்ளியைப் பார்க்கிறான். இது ஏன் காலியாக இருக்கிறது என்று அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். செம்பனை விலை, நிலப் பட்டா, பகுதி உதவி என்றெல்லாம் அவனுக்கு யார் சொல்வார்கள்? ஒரு டீச்சரைத் தூக்கில் தொங்கவிடுவது சுலபம். பேய் வந்து பள்ளியை மூடவில்லை. பள்ளியை மூடிய பிறகு, மூடிய காரணத்தை யாரும் எழுதி வைக்காத இடத்தில், பேய் வந்து குடியேறியது. 99 கதவு வீட்டுப் பேய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, இறந்த மாதம் இருக்கிறது, வம்சாவளி இருக்கிறது. எங்கள் பள்ளிப் பேய்க்கு வெறும் வெள்ளைப் புடவை.

இன்னொரு விநோதம். பினாங்கில் இன்று இருக்கும் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். லாடாங் ஜூரு, லாடாங் அல்மா, லாடாங் பிறை, லாடாங் வால்டோர், லாடாங் பத்து காவான். லாடாங் என்றால் தோட்டம். பெயர்ப்பலகையில் தோட்டம் இருக்கும், சுற்றிலும் தொழிற்சாலையும் தாமானும் இருக்கும். 2014இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு பத்து காவான் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். என் கல்லூரி நண்பர்களில் பாதிப் பேர் அங்கே தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள்.

*

பதிவேட்டுக்கு வருகிறேன். பாட்டிக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. ஜப்பான் காலத்தில், அப்பா இல்லாத வீட்டில், தோட்டத்தில் பிறந்த பிள்ளை. யார் போய்ப் பதிவது? அதனால் அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டைத் தவிர வேறு எதையும் பார்க்காத ஒருவர், நிரந்தரவாசி. ஓட்டு இல்லை. முதியோருக்கான உதவிகள் பலவும் குடிமக்களுக்கு மட்டும். இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் நடக்கவில்லை. இரண்டாவது முறை, அது 2005 வாக்கில், விவரம் தெரிந்த ஒருவர் மாமாவிடம் சொன்னார்: சின்ன வயதில் இங்கேதான் இருந்தார் என்பதற்குப் பள்ளிப் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தால்கூட உதவும்.

மாமா இணைக்கப்பட்ட பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் தங்கமானவர். அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுத் தேடினார்கள். எழுபதுகளிலிருந்துதான் இருந்தது. அம்மாவின் பெயர் இருந்தது, ஒவ்வொரு நாளும் வந்ததற்குச் சிவப்பு மையில் கோடு இருந்தது. 1950இன் பதிவேடு இல்லை. பழைய தோட்டத்திலிருந்து வந்த லோரியில் அது ஏறவே இல்லையோ என்னவோ. மானியத்துக்காக அவ்வளவு கவனமாக எழுதிய பதிவேடு, எழுதப்பட்ட பிள்ளைக்கு ஐம்பது வருடம் கழித்துத் தேவைப்பட்டபோது இல்லை.

2018இல், அறுபது வயது கடந்த சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை என்ற அறிவிப்பு வந்தபிறகுதான் பாட்டிக்கு நீல அட்டை கிடைத்தது. அப்போது வயது 76. 2022 பொதுத் தேர்தலில் முதல் ஓட்டு. விரலில் மையை இரண்டு நாள் கழுவாமல் வைத்திருந்தார். விண்ணப்பப் படிவத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் மாமா 'இல்லை' என்று எழுதப் போனாராம். பாட்டி கையைப் பிடித்து நிறுத்தி, மூன்றாம் வகுப்பு என்று எழுத வைத்தார்.

இடிப்பதற்கு முன்பு பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். அனுமதி வாங்கி, காலில் பூட்ஸ் மாட்டி, தலையில் மஞ்சள் தொப்பி வைத்து. அவருக்கு அந்தத் தொப்பிதான் பெரிய சிரிப்பு. உள்ளே கூரை பாதி இல்லை. தரையில் செம்பனைக் கன்று முளைத்திருந்தது. முன் சுவரில் சிமெண்டு பூசிக் கறுப்பு வர்ணம் அடித்த சதுரம் இருந்தது, கரும்பலகை. அதற்கு மேலே மலாயா வரைபடம் ஒன்று நீல வர்ணத்தில், பாதி உரிந்து. இதெல்லாம் அம்மா காலத்தது. பாட்டி உட்கார்ந்த இடம் அத்தாப்புக் கொட்டகையோடு போய்விட்டது. இருந்தாலும் அவர் நேராக ஒரு மூலைக்குப் போய், "இங்கதான்" என்றார். அங்கே பேயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மண்வாரி அண்ணன் மட்டும் வாசலுக்கு வெளியே நின்று, "பாட்டி, பார்த்து, ஆணி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே வரவில்லை.

பூசை அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது. எலுமிச்சம்பழம், சூடம், ஒரு சேவல். பின்னால் இருந்த முனி கோயிலில் கல் மட்டும்தான் மிச்சம். அதை சுங்கை பாக்காப்பில் ஒரு கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு ஏற்பாடு இருந்தது, வண்டி இருந்தது, மேளம்கூட இருந்தது. பள்ளிக்கு அப்படி ஒன்றும் வழக்கம் இல்லை. காலை ஒன்பது மணிக்கு அண்ணன் மெஷினை ஏற்றினார். பத்தரைக்குள் முடிந்துவிட்டது. நான் சில படங்கள் எடுத்தேன், சுவரின் நீள அகலம் குறித்துக்கொண்டேன்: 18 மீட்டர், 6 மீட்டர். பழக்கதோஷம்.

தண்டவாளத் துண்டைக் கேட்டு வாங்கி, காரில் போட்டுக் கொண்டுவந்தேன். ஏறக்குறைய ஒரு முழ நீளம், நல்ல கனம். அதை என்ன செய்வதென்று எனக்குத் திட்டம் ஒன்றும் இல்லை. இப்போது மாமா வீட்டுப் பின்பக்கம் கிடக்கிறது. மழைக்காலத்தில் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளும். பாட்டி அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்.